தோலுக்குத் தெரிந்த அளவு

ஆள் பார்க்கிற வேலைக்குப் புதுசாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். படுக்கையில் கிடக்கிறவரைப் புரட்டுகிறது, உடம்பு துடைக்கிறது, பிரஷர் பார்க்கிறது எல்லாம் உங்களுக்குப் படிப்பித்து, சான்றிதழும் தந்துவிடுகிறார்கள். எங்கள் காலத்தில் அது இல்லை. கொழும்பில் வெள்ளவத்தை, பாமன்கடை, கொட்டாஞ்சேனை என்று முப்பத்தைந்து வருசம் வீடு வீடாகப் போய் ஆள் பார்த்தவள் நான். ஒருத்தருடைய முதுகிலும் படுக்கைப் புண் வர விட்டதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். கேட்டால் இன்னும் சொல்வேன். ஆனால் அதை நான் எழுத வரவில்லை. ஒரு நல்ல மனிசனை என் கையாலேயே சாகக் கிடத்தின கதையைத்தான் எழுதப் போகிறேன். அவசரப்படுத்தாமல் வாசியுங்கள், நானும் ஆறுதலாகத்தான் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். சிங்களம் வாயில் இருக்கிறது, கையில் இல்லை. இங்கிலீசில் ஏ, பி, சி தெரியும், அதுகள் கூடி நின்றால் தெரியாது. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி வைத்திருந்தேன். பார்மசியில் குளிசை போட்டுத் தருகிற உறையின் மேல் பென்சிலால் கோடு போடுவேன். ஒரு கோடு என்றால் ஒரு நாளைக்கு ஒரு தரம். இரண்டு கோடு, காலையும் ராவும். மூன்று கோடு, மூன்று வேளை. நின்ற கோடு சாப்பாட்டுக்கு முதல், படுத்த கோடு சாப்பிட்ட பிறகு. அந்தக் கோடுகளோடு எத்தனையோ வீட்டில் எத்தனையோ வருசம் ஓடியது. ஒரு நாளும் பிழை வந்ததில்லை.

நாட்டில் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருசம் இருக்கும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு ஃப்ளாட்டில் ஒரு ஐயாவைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆள், காணி அளக்கிற சர்வேயராக இருந்து பென்சன் எடுத்தவர். எண்பது வயசு. ஒரு மகன் கனடாவில். மகள் பேங்கில் வேலை, கல்யாணம் கட்டவில்லை. நான் அவவை மிஸ் என்று கூப்பிடுவேன். மிஸ் காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வருவா. நான் விடிய கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி வந்து, மிஸ் வந்த பிறகு போவேன்.

கடல் பக்கம் என்றுதான் பெயர். ஐயாவின் அறை ஜன்னலைத் திறந்தால் இரண்டு முழத்தில் பக்கத்து ஃப்ளாட்டின் சுவர். பகலிலும் லைட் போட வேணும். அங்கே ஆறு வருசம் இருந்திருக்கிறார். தொடை நோவு, இடுப்பு நோவு, கதிரையிலிருந்து எழும்ப ஏலாது, இரண்டு தரம் விழுந்தும் விட்டார். நான் முதல் நாள் போய் நிற்க, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த இடம் நீர்?"

"கொட்டாஞ்சேனை ஐயா."

"அப்ப கொச்சிக்கடை அந்தோனியாரிட்டை மெழுகுதிரி கொளுத்திப் போட்டுத்தான் வந்திருப்பீர். எனக்கும் ஒண்டு கொளுத்தினீரோ, இல்லை உமக்கு மட்டுமோ?"

"உங்களைக் கண்ட பிறகு உங்களுக்கு ஒரு பெட்டியே கொளுத்த வேணும் போல இருக்கு ஐயா."

அவர் சிரித்தார். அன்றையிலிருந்து என் பெயர் கொட்டாஞ்சேனை.

மிஸ் அவரை ஒரு டொக்டரிடம் காட்டினா. முஸ்லிம் பிள்ளை, என் மகள் வயசு இருக்கும்; 'இருக்கும்' என்கிறதை 'ஈக்கும்' என்று சொல்லுவா. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் வைட்டமின் டி இல்லை என்கிற அளவுக்கு இறங்கிவிட்டது, அதனால்தான் எலும்பு இளகி நோகிறது, வெயில் படாமல் இருந்ததுதான் காரணம் என்றா.

ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை, நான் நாப்பது வருசம் வன்னியிலையும் மன்னாரிலையும் வெயிலிலை காணி அளந்தவன். காய்ஞ்ச கருவாடு. எனக்கு வெயில் காணாதோ?"

"அந்த வெயில் எல்லாம் முடிஞ்சு போச்சி ஐயா. உடம்பு அதை வருசக்கணக்காச் சேத்து வச்சிக் கொண்டு ஈக்காது. இப்பத்த வெயில் எங்க?" என்றா டொக்டர். 

மகன் கனடாவிலிருந்து ஒரு பெரிய போத்தல் அனுப்பினான். டொக்டர் அதைப் பார்த்து, சரி, இதையே கொடுங்கள் என்றா. தேன் நிறக் குளிசை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எண்ணெய் அசைகிறது தெரியும். "என்ர மோன் வெயிலைப் போத்தலிலை அடைச்சு அனுப்பியிருக்கிறான்" என்று ஐயா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எனக்கும் அதைக் கையில் எடுக்கும்போது ஒரு பயபக்தி. நற்கருணையை எடுக்கிற மாதிரி இரண்டு விரலால் எடுப்பேன்.

மிஸ் மருந்து விபரம் எல்லாம் ஒரு பேப்பரில் இங்கிலீசில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினா. "அக்கா, எல்லாம் இதில இருக்கு. விளங்குதுதானே?" என்று கேட்டா.

பேப்பரைப் பார்த்தேன். எழுத்துகள் கூடி நின்றன. "ஓம் மிஸ்" என்றேன். இவ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே நான் ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டேன், எனக்கு மருந்து படிப்பிக்க வருகிறாவோ என்று மனசுக்குள் ஒரு எண்ணமும் இருந்தது. அந்த வரியில் ஒரு ஒன்று மட்டும் எனக்கு விளங்கியது. போத்தலில் ஒரு கோடு போட்டேன்.

அந்த ஒன்று கிழமைக்கு ஒன்று, ஏழு நாளைக்கு ஒன்று. என் கோட்டில் கிழமைக்கு அடையாளமே இல்லை. நாள் கணக்கில்லாத ஒரு மருந்து என் கையில் அதுவரை வந்ததே இல்லை, பிள்ளைகளே. இல்லாத ஒன்றுக்கு எப்படி அடையாளம் வைத்திருப்பேன்?

டொக்டர் வெயிலும் வேணும் என்று சொல்லியிருந்தா. நான் ஏழு மணி இளம் வெயிலுக்கு அவரைக் கொண்டு போகத் தொடங்கினேன். நம் ஆட்கள் எல்லோரும் அதுதான் நல்ல வெயில் என்பார்கள். அடுத்த தரம் காட்டப் போனபோது டொக்டர் சிரித்துவிட்டு, "அது சும்மா சூடு மட்டும்தான் அக்கா. உங்கட நெழல் உங்கள விடக் கட்டையா ஈக்கிற நேரம் போங்க. கால் மணித்தியாலம் காணும். கை, காலத் தெறந்து விடுங்க. தோல் சிவக்கிற வரைக்கும் வச்சிக் கொண்டு ஈக்க வாணாம்" என்றா.

ஐயாவுக்கு அதில் பெரிய சந்தோசம். நிழல் அளக்கிறது அவருடைய தொழில் மாதிரி. லிஃப்ட் மேல் மாடி மட்டும்தான் போகும், அதற்கு மேல் மொட்டை மாடிக்குப் படி ஏற வேணும். நானும் ஃப்ளாட் வாச்சரும் அவரைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிப் போவோம். தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவில் இருத்திவிட்டால், அவர் கைத்தடியை நேராக நிறுத்தச் சொல்லுவார். பிறகு நிழலின் நுனியில் ஒரு கோடு கீறி, அந்தத் தடியையே கிடத்தி அளக்கச் சொல்லுவார். நிழல் தடியை விட நீளம் என்றால், "இன்னும் வேலை தொடங்கேல்லை, பொறும்." கட்டையாகிவிட்டால், "சரி, ஃபக்டரி திறந்திட்டாங்கள்" என்று சொல்லிச் சாரத்தை முழங்காலுக்கு மேல் எடுத்து விடுவார்.

உடுப்புக் காயப்போட வருகிற பெண்களுக்கு இது பெரிய பகிடி. "அன்ரி, ஐயாவையும் தோய்ச்சுக் காயப் போட்டிருக்கிறியளோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓம் பிள்ளை. காய்ஞ்சதும் மடிச்சு அலுமாரிக்குள்ளை வைப்பா" என்றார் ஐயா.

ஆனியில் அந்தோனியார் திருநாள் வருகிறதற்குள் அவர் கதிரையைப் பிடித்து எழும்பினார். பிறகு பிடிக்காமல் எழும்பினார். தொடை நோவு போய்விட்டது. வாச்சர் கூட "அக்கே, சீயா ஹொந்தய்!" என்று அதிசயப்பட்டான். அந்தச் சிங்களத்துக்கு ஐயா நல்லாகிவிட்டார் என்று அர்த்தம். நான் கொச்சிக்கடையில் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். உண்மையைச் சொன்னால், பாதி நன்றி எனக்கே சொல்லிக்கொண்டேன். மார்கழியில் மகன் வருகிறானாம், அப்பா நடக்காவிட்டால் அவரை ஒரு வயோதிபர் இல்லத்தில் சேர்க்கிறதாம், மிஸ்ஸால் அவரைத் தூக்க ஏலாது என்று போனில் முடிவாகியிருந்தது. ஐயாவுக்கு அது தெரியும். "இல்லத்திலை போய்க் கிடக்கிறதெண்டா நான் அங்கை கதைக்க மாட்டன், சாப்பிட மாட்டன், கெதியாப் போயிடுவன்" என்று ஒரு நாள் என்னிடம் பகிடி இல்லாமல் சொன்னார். அதனால் ஒவ்வொரு நாளும் அந்தத் தேன் நிறக் குளிசையைத் தவறாமல் கொடுத்தேன். ஒரு நாள் கூட மறக்கவில்லை.

ஆடி மாதம் தொடங்க அவருக்குத் தண்ணீர் விடாய் வந்தது. வெயில்தான் என்று நினைத்து செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தேன். சிறுநீர் ஓயாமல் போனது. வயிறு இறுகியது. சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளித்தார். வயசுக்குச் சத்துக் குறைகிறது என்று குளிசையைக் கட்டாயப்படுத்தி விழுங்க வைத்தேன். பாருங்கள், நஞ்சை ஊட்டிக்கொண்டே நஞ்சின் குணத்துக்கு மருந்து தேடினேன்.

ஒரு காலை நான் போனபோது அவர் கட்டிலில் இருந்துகொண்டு, "கம்பை நேரே பிடி! சங்கிலி தொய்யுது!" என்று கத்தினார். அறைக்குள் காணி அளக்கிறார். என்னை ஒரு சிங்களப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பழைய வேலையாள் போல. வெளிக்கிட நின்ற மிஸ்ஸைப் பார்த்து, "இந்தப் பெட்டை ஆர்?" என்று கேட்டார். மிஸ் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

மத்தியானம் இரத்தப் பரிசோதனை வந்தது. அதே டொக்டர்தான். இரத்தத்தில் கல்சியம் பயங்கரமாக ஏறியிருக்கிறது, சிறுநீரகமும் அடிபடுகிறது என்றா. "வைட்டமின் டி குளிசை ஒழுங்காக் குடுத்தீங்களா?" என்று மிஸ்ஸைக் கேட்டா.

"ஓம் டொக்டர். கிழமைக்கு ஒண்டு. ஞாயிறு ஞாயிறு எண்டு எழுதி ஒட்டினனான்."

டொக்டர் யோசித்தா. வைட்டமின் அளவைப் பார்க்க இரத்தம் வெளியே அனுப்ப வேணும், பதில் வர நாலைந்து நாள் செல்லும், அதுவரை பார்த்துக்கொண்டிருக்க ஏலாது, இந்த வயசில் இப்படி ஏறினால் புற்றுநோயைத்தான் முதலில் தேட வேணும், நாளைக்கு இடுப்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளே இருக்கிறதை எடுத்துப் பார்ப்போம் என்றா. மிஸ்ஸின் போனில் அவவின் தம்பி, அந்தக் கனடா மகன், கதைத்தான். "அக்கா, இனி வீட்டிலை வச்சுப் பாக்கிற விசயமில்லை. இல்லத்துக்கு எழுதிக் குடுப்பம்" என்கிறது எனக்கும் கேட்டது.

கிழமைக்கு ஒண்டு. அந்தச் சொல் என் காதில் விழுந்தது. போத்தலில் நான் போட்ட கோடு கண்ணுக்கு முன்னால் வந்தது. நூறு குளிசை இருந்த போத்தலில் மிச்சம் ஒரு கைப்பிடிதான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் ஒரு மனசு என்னென்ன சொல்லும் என்று உங்களுக்குச் சொல்லாமல் விட மாட்டேன். போத்தலைக் கழிவுக் கூடைக்குள் போடு என்றது. நாலு நாளில் பரிசோதனை தானே சொல்லும், நீ ஏன் சொல்கிறாய் என்றது. இத்தனை வருசப் பெயர் என்றது. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று வெள்ளவத்தை முழுக்கக் கதைக்கும் என்றது. உண்மையாகவே, அவர் செத்துப் போவார் என்கிறதை விட, எனக்கு வாசிக்கத் தெரியாது என்று வெளியே வரும் என்கிறதற்குத்தான் நான் முதலில் பயந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

கட்டிலில் ஐயா விரலால் காற்றில் கோடு கீறிக்கொண்டிருந்தார். நாளைக்கு அந்த இடுப்பில் ஊசி ஏற்றப் போகிறார்கள். மூன்று மாதமாக நான் எழுப்பி நிறுத்தின இடுப்பு.

டொக்டர் வெளியே போக, நடையில் மறித்தேன். "டொக்டர், அந்தக் குளிசை கூடப் போனால் இப்படி வருமா?"

"எவ்வளவு கூட?"

"ஒவ்வொரு நாளும்."

அவ ஏசவில்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தா. "எத்தன நாளா அக்கா?"

"உயிர்த்த ஞாயிறு முடிஞ்சதிலிருந்து."

"இண்டைக்கும் குடுத்தீங்களா?"

"இண்டைக்கில்லை, நேற்று விடியக் குடுத்தேன். எனக்கு அந்தப் பேப்பர் வாசிக்கத் தெரியாது டொக்டர்."

அந்தக் கடைசி வசனத்தை நான் என் பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை. அவ தலையை ஆட்டிவிட்டு ஓடினா. ஊசி வேண்டாம் என்று நிறுத்தினா. சேலைன் ஏற்றி, கல்சியத்தை இறக்கிற மருந்து போடத் தொடங்கினார்கள்.

மிஸ்ஸுக்கு நானே சொன்னேன். "கொல்லப் பாத்தீங்களே! கேட்டிருக்கலாமே! ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!" என்று கத்தினா. பிறகு, "இனி வர வேண்டாம்" என்றா. அதில் என்ன பிழை? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

போகிறதற்கு முன் டொக்டரிடம் ஒன்று கேட்டேன். என் மனசில் அது கிடந்து அரித்தது. "டொக்டர், ஐயா நாற்பது வருசம் காலை தொடங்கிப் பின்னேரம் வரை வெயிலில் நின்றவர். அந்த வெயிலில் ஏன் இப்படி வரவில்லை?"

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என் முழங்கையை விரலால் தொட்டா. "இந்தத் தோல் ஈக்குதே அக்கா, வெயில் பட்டா அதுவே வைட்டமினச் செய்யும். போதும் எண்டு வந்தா, அதே வெயிலே மிச்சத்த அங்கேயே ஒடச்சிப் போடும். நாள் முழுக்க நிண்டாலும் தோல் எரியுமே தவிர, வைட்டமின் அளவு மிஞ்சிப் போகாது. குளிசைக்கு அந்தக் காவல் இல்ல. வாயால போறது எல்லாத்தையும் வகுறு எடுத்துக் கொள்ளும். கொழுப்புக்குள்ள போய் மாசக்கணக்கில ஈக்கும்."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டு பஸ்சில் வந்தேன். கொள்ளுப்பிட்டி, கோட்டை, கொச்சிக்கடை என்று இடம் எல்லாம் போனது தெரியாது. எத்தனை ஆயிரம் உடம்பு கழுவியிருக்கிறேன். தோலைச் சட்டை மாதிரி ஒரு போர்வை என்றுதான் நினைத்திருந்தேன். அது எவ்வளவோ தூரத்தில் இருந்து வருகிற வெளிச்சத்தைப் பிடித்து, எலும்புக்குச் சாப்பாடு செய்து, இது காணும் என்று தானே நிறுத்துகிறது. எழுத்துத் தெரியாத தோலுக்கு அளவு தெரிந்திருக்கிறது. இதைச் செய்து வைத்த ஆண்டவனை நினைத்து, பஸ்சில் எல்லோரும் பார்க்க நெற்றியில் சிலுவை போட்டேன்.

ஐந்து கிழமை வீட்டில் இருந்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தால், எங்கள் ஒழுங்கை வாசலில் மிஸ் நிற்கிறா. த்ரீவீலில் வந்திருக்கிறா. உள்ளே வந்து இருந்தா, டீ போட்டேன், குடிக்கவில்லை.

"அப்பாவுக்கு மூளை தெளிஞ்சிட்டுது. கிட்னியும் பரவாயில்லை. ஆனா பலமில்லை. படுத்தே கிடக்கிறார்."

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்."

"இப்ப வாற பிள்ளை நல்லா இங்கிலிஷ் வாசிக்கும். போன கிழமை பிரஷர் குளிசை ஒண்டு சோபாவுக்குக் கீழை கிடந்தது. குடுத்தனான் எண்டு சொன்னவள்." டீக் கோப்பையைத் தள்ளி வைத்தா. "நீங்கள் சொல்லாட்டி எனக்கு நாலு நாளைக்குத் தெரிஞ்சிராது அக்கா. அந்த ஊசியையும் போட்டிருப்பினம். நான் பேங்கிலை இருக்கேக்கை, பிழை விட்டா எனக்குச் சொல்லுற ஆள்தான் அப்பாவோடை இருக்கோணும்."

நான் உடனே ஓம் சொல்லவில்லை. "மிஸ், ஒவ்வொரு மருந்தையும் நீங்கள் வாயால் சொல்ல வேணும். நான் திருப்பிச் சொல்லுவேன். சரி எண்டு நீங்கள் சொன்ன பிறகுதான் கோடு போடுவேன். அதுக்குச் சம்மதமா?" என்றேன். சம்மதித்தா. அன்று தொடக்கம் நான் போன எல்லா வீட்டிலும் இதுதான் முறை. கிழமைக்கு ஒரு மருந்து வந்தால் கோடு இல்லை, சிலுவை அடையாளம், ஞாயிறு மட்டும். உங்களில் ஒருத்திக்கு வாசிக்கத் தெரியாத ஒன்று இருந்தால், தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் வெட்கத்தை இன்னொருவருடைய இரத்தம் சுமக்க விடாதீர்கள்.

மூன்று மாதம் குளிசையும் இல்லை, மொட்டை மாடியும் இல்லை. உடம்பில் கிடக்கிறது இறங்கும் வரை வெயிலும் கூடாது என்றா டொக்டர். நான் அவரைக் கட்டிலில் இருத்திக் காலை நீட்ட வைத்தேன், மடக்க வைத்தேன், அறைக்கு அறை நடக்க வைத்தேன். "வாங்கோ கொட்டாஞ்சேனை, இண்டைக்கு என்ன நஞ்சு?" என்று கேட்பார். முதல் நாள் அழுதேன். பிறகு "இண்டைக்குப் புழுங்கலரிசிக் கஞ்சி ஐயா" என்று சொல்லப் பழகினேன். கார்த்திகை முடிவில் இரத்தம் சரியென்று வந்தது. "வெயிலுக்குப் போகலாம். ஆனா இந்த வயசுத் தோல் முந்தி மாதிரி செய்யாது, மழை நாள்ல வெயிலும் ஈக்காது. தைக்குப் பொறகு சின்னக் குளிசை ஒண்டு தாரேன், ரத்தம் பாத்துப் பாத்து" என்றா டொக்டர். வெயிலா குளிசையா என்று உங்களிடம் சண்டை பிடிக்கிற வீட்டுக்காரருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதும் அதுதான். இரண்டும்தான். ஒன்றுக்குத் தன் அளவு தெரியும், மற்றதுக்கு நாம்தான் அளவு.

மார்கழியில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு இரண்டு நாள் முதல் மகன் வந்தான். லிஃப்ட் கதவு திறக்க, பெட்டியோடு நின்றான். ஐயா மேல் சட்டை இல்லாமல், சாரத்தோடு, மொட்டை மாடிக்குப் போகிற படிக்குக் கீழே நின்றார். மிஸ் என் பிழையைத் தம்பியிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லாத ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது எனக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, ஆடியில் அப்பாவைச் சாகக் கிடத்தினது நான்தான். கிழமைக் குளிசையை ஒவ்வொரு நாளும் கொடுத்தேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "என்னப்பா இது? இவவையோ திருப்பி எடுத்தனீங்கள்?"

"ஓம். அவவோடை நியாயம் கதைக்கிறதெண்டா பிறகு கதை. எனக்கு நேரம் போகுது" என்றார் ஐயா. கைத்தடியை மகன் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் ஒரு கையை வைத்து முதல் படியில் காலைத் தூக்கி வைத்தார். உடம்பு ஆடியது. நின்றது. அடுத்த கால்.

மகன் பெட்டியை விட்டுவிட்டுப் பிடிக்கப் பாய்ந்தான். நான் மறித்தேன். "பிடிக்காதேங்கோ தம்பி."

மேலே கதவு திறந்துதான் கிடந்தது. வெளிச்சம் படி வழியாக வழிந்து வந்து அவருடைய பாதத்தில் பட்டது, பிறகு கெண்டைக்காலில், பிறகு முதுகில். மெலிந்த, சுருங்கின, எண்பது வருசத் தோல். அது தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். நான் ஒரு படி பின்னால் ஏறினேன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அவரைத் தொடாமல்.